ஒசாகாவில் ஷாபு ஷாபு சாப்பிடப் போன அனுபவம்

வேலை மாற்றலாகி ஜப்பானின் ஒசாகாவுக்கு வந்த முதல் ஜனவரி அது. ராத்திரி 5 டிகிரி குளிர். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "இந்தக் குளிருக்கு நபேதான்" என்று எங்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். நபே என்றால் சட்டி. மேசை நடுவில் அடுப்பை வைத்து, எல்லோரும் சேர்ந்து வேகவைத்துச் சாப்பிடுகிற அத்தனை வகைக்கும் அதுதான் பொதுப்பெயர். அன்றைக்குப் போனது ஷாபு ஷாபு கடை, அதாவது மெல்லிசாகச் சீவிய இறைச்சியைச் சூடான சாற்றில் அலசிச் சாப்பிடுகிற நபே.

அந்தப் பெயர் பிறந்ததே ஒசாகாவில்தான். 1952இல் சுவேஹிரோ என்கிற உணவகம் வைத்தது. ஊழியர் ஒருவர் தொட்டியில் ஈரத்துண்டுகளை அலசிய சத்தத்தைக் கேட்டு முதலாளிக்குத் தோன்றிய பெயர் என்கிறார்கள். நம்ம சலசல, மொறுமொறு மாதிரி ஒரு இரட்டைக்கிளவி.

சட்டி வந்தது. எட்டிப் பார்த்தால் வெறும் தண்ணீர். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக ஒரு துண்டு. கொம்பு என்கிற கடற்பாசியாம். உப்பும் இல்லை, மசாலாவும் இல்லை. இதில் என்ன ருசி வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். கொதி வருவதற்கு முன்பே அதையும் எடுத்துவிட்டார்கள். விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும்.

மாட்டிறைச்சி காகிதம் மாதிரி மெல்லிசாக, கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஓடி, தட்டில் விரித்திருந்தது. நல்ல பசி. நாலைந்து துண்டுகளை ஒரேயடியாகப் போட்டுவிட்டேன். எல்லாம் சாம்பல் நிறமாகிச் சுருண்டு, வாயில் வைத்தால் சக்கை. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் குச்சியில் ஒரே ஒரு துண்டைப் பிடித்து, சாற்றில் அப்படியும் இப்படியும் அலசினார். சிவப்பு மாறி இளஞ்சிவப்பு வந்ததும் எடுத்துவிட்டார். பத்து நொடிகூட ஆகியிருக்காது. அதே மாதிரி செய்து, எள் அரைத்த கோமதாரேயில் தொட்டுச் சாப்பிட்டேன். கரைந்துவிட்டது. பக்கத்தில் பொன்ஸு என்று புளிப்பான இன்னொன்றும் இருந்தது. காய்கறிக்கும் டோஃபுவுக்கும் அதுதான் சரி.

கொஞ்ச நேரத்தில் சாற்றின் மேல் பழுப்பாக நுரை கட்டியது. அதை எடுக்கவே சன்னமான சல்லடைக் கரண்டி ஒன்றும், அதை அலச ஒரு கிண்ணத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். மூத்தவர் பேசிக்கொண்டே, யாரும் கேட்காமலே, நுரையை வழிப்பதும் கரண்டியை அலசுவதுமாக இருந்தார். பருப்பு பொங்கும்போது அம்மா நுரையை எடுத்துப் போடுவது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கள் மேசையில் குறைவாகச் சாப்பிட்டவர் அவர்தான்.

நடுவில் ஒரு துண்டை என் குச்சியிலிருந்து பக்கத்தில் இருந்தவர் குச்சிக்கு நீட்டினேன். அவர் சட்டென்று தட்டை நீட்டி வாங்கிக்கொண்டார். தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அப்படித்தான் குச்சிக்குக் குச்சி மாற்றுவார்களாம், அதனால் சாப்பாட்டில் கூடாது என்று அப்புறம் சொன்னார்கள். போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறக்கவே முடியாதது கடைசிச் சுற்றுதான். ஷிமே என்பார்கள். கறியும் காளானும் முட்டைக்கோஸும் வெந்து இறங்கிய சாற்றில் சோற்றைப் போட்டு, முட்டையை அடித்து ஊற்றி, மூடி வைத்தார்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால், கஞ்சிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒரு பதம். தொடக்கத்தில் பார்த்த அந்த வெறும் தண்ணீரா இது! வயிறு நிறைந்த பிறகும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். தயவுசெய்து இதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய கடைகளில் 90 நிமிடம், 120 நிமிடம் என்று நேரம் வைத்து அளவில்லாமல் தருவார்கள். அந்த அவசரத்தில் கறியைக் குவித்துவிட்டு ஷிமேயை விடுவது பெரிய இழப்பு.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குப் பன்றி இறைச்சி ஷாபு ஷாபு உண்டு. சைவம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். கொம்பு மட்டும் போட்ட சாறு பிரச்சினையில்லை, ஆனால் பல கடைகளில் சாற்றிலும் பொன்ஸுவிலும் கட்சுஒபுஷி என்கிற உலர்ந்த மீன் சேர்ந்திருக்கும். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.