உள்நாட்டுச் சுற்றுலா: கூட்டமும் மழையும் இல்லாத நாள் எது?

கேள்வி: இந்த முறை வெளிநாடு வேண்டாம், உள்நாட்டிலேயே ஒரு வாரம் சுற்றலாம் என்று இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் போனால் கூட்டம், தள்ளிப்போட்டால் மழையோ என்று பயம். எப்படி நாள் குறிப்பது?

பதில்: விடுமுறை முடிந்த அடுத்த இரண்டு வாரங்களைப் பாருங்கள். கூட்டம் சட்டென்று வடிந்துவிடும்; பருவமழை தொடங்கும் நேரமாக இல்லாவிட்டால், வானிலை அவ்வளவு வேகமாக மாறாது. கடற்கரை என்றால் இன்னும் நல்லது; நிலத்தைவிடக் கடல் மெதுவாகத்தான் குளிரும். மாதச் சராசரி மழையளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மழை நாட்களின் எண்ணிக்கைதான் முக்கியம். 200 மி.மீ. நாலே நாளில் கொட்டித் தீர்ப்பது வேறு, இருபது நாள் நசநசவென்று தூறுவது வேறு.

பதில்: மலைக்கு என்றால், 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்து வெப்பநிலையை வைத்துத் துணி எடுக்காதீர்கள். வெயில் காலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான். நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பதில்: 10 நாளுக்கு அப்பாலான முன்னறிவிப்பை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ரத்து செய்யக்கூடிய அறையாகப் பிடித்து, 3 நாள் முன்பு முடிவெடுங்கள். நீண்ட வாரயிறுதியை மட்டும் கட்டாயம் தவிருங்கள்.