பட்டியில் சிறுத்தை, சோளக்காட்டில் பன்றி: துப்பாக்கி லைசன்ஸ் கிடைக்குமா, கிடைத்தால் உதவுமா?

ராகிக்காடு (கேள்வி)

தாளவாடி, தலமலை, ஆசனூர் வட்டாரத்துக்கு இரண்டு தொல்லை. ராகியும் மக்காச்சோளமும் கதிர் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது. பட்டியில் அடைத்த ஆட்டைச் சிறுத்தை தூக்குகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசன்ஸ் இப்போதும் தருகிறார்களா? ராத்திரி பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் சுடலாமா? குடகில் லைசன்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே செல்லும் உரிமை இங்கே ஏன் செல்லாது? தாத்தா காலத்தில் ஊரே திரண்டு வேட்டைக்குப் போன பகுதி இது. 20 ஆடு வைத்திருப்பவர் சட்டப்படி என்னதான் செய்ய முடியும்?

வழக்குமன்றம்

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லைசன்ஸ் உண்டு. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 13(3): உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி (பேச்சில் எஸ்பிஎம்எல்) கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்றே அது சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத வேறு வழவழப்புக் குழல் (உள்ளே மரை வெட்டாத) துப்பாக்கிக்கும் தரலாம். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், மாவட்ட ஆட்சியருக்கு. காவல் நிலைய அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் உண்டு என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். பொது அமைதி, பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கப் பிரிவு 14 இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டு செல்லும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி.

உங்கள் ஊரில் விண்ணப்பம் சிக்குகிற இடம் வேறு. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 34: சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசன்ஸ் கொடுக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் (மாநில வனத்துறையின் உயர் அதிகாரி) முன் ஒப்புதல் வேண்டும். தாளவாடியில் பெரும்பாலான கிராமங்கள் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஒப்புதலுக்குத் தனியாக எழுதாமல் ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் மனுப் போட்டால் அது அங்கேயே கிடக்கும். ஏற்கெனவே லைசன்ஸ் வைத்திருப்பவர்களும் இந்த எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடம் பதிவு செய்தாக வேண்டும், பலர் செய்வதில்லை.

சுடலாமா என்ற கேள்விக்குப் பதில் பிரிவு 11. சிறுத்தை முதல் அட்டவணை விலங்கு, அதாவது சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் பட்டியலில் உள்ளது. மனித உயிருக்கு ஆபத்தானது, அல்லது தேறாத அளவு ஊனமோ நோயோ கொண்டது என்றால் மட்டும், அதுவும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாதபோது, தலைமைக் காப்பாளர் எழுத்தில் காரணம் பதிந்து ஆணையிடலாம். வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. தன்னையோ இன்னொரு மனிதரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் 11(2) காப்பாற்றும். ஆட்டைக் காக்கக் கொன்றால் காப்பாற்றாது. அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால், அதாவது பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் சிறுத்தை பாய்ந்தால், தற்காப்பு வாதமும் எடுபடாது. முதல் அட்டவணை விலங்கைக் கொன்ற வழக்கில் குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு.

குடகு விலக்கு ஆயுதச் சட்டம் பிரிவு 41-ன்கீழ் மத்திய அரசு கொடுத்தது. குடகின் கொடவர் இனத்தாருக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். 2019-ல் அதை 31.10.2029 வரை நீட்டித்தார்கள். 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி வைத்திருக்கத்தான் விலக்கு. அதைக் கொண்டு ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டால் குடகிலும் வனச் சட்ட வழக்குதான்.

பட்டிவேலை

சட்டத்தை மேலே சொல்லிவிட்டார், நான் பட்டிக்கு வருகிறேன். ஆடு போன பட்டிகளைப் பாருங்கள்: சிறுத்தை புகுந்த வழி பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்கு விட்ட சந்தாக இருக்கும், அல்லது கீற்றுக் கூரை, அல்லது கயிறு போட்டுக் கட்டிய படல். இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சுற்றுவேலியை உயர்த்துவதில் பணத்தைக் கொட்டுகிறார்கள். மேலே திறந்திருந்தால் ஏழடி வேலி சிறுத்தைக்கு ஒரு பொருட்டே இல்லை.

20 ஆட்டுக்குக் கணக்கு இது. ஆடு ஒன்றுக்கு 12 சதுர அடி. 20 அடிக்கு 12 அடி பட்டி. சுற்றளவு 64 அடி. சராசரியாக 8 அடிக்கு ஒன்று என 8 தூண், 2 அங்குல ஜிஐ பைப், 9 அடி நீளம், அதில் 2 அடி கான்கிரீட்டுக்குள். தரையிலிருந்து 3 அடிக்கு ஹாலோ பிளாக் சுவர், அதற்குமேல் 4 அடிக்கு வெல்ட் மெஷ். சுவர் பலத்துக்காக மட்டும் இல்லை. வெளியே சுற்றுகிற சிறுத்தை ஆட்டின் கண்ணில் படக் கூடாது. பட்டால் மிரண்டு எதிர்மூலையில் குவிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். சிறுத்தை உள்ளே வராமலே இது நடந்துவிடும்.

மெஷ் 2 அங்குலக் கண், 10 கேஜ், அதாவது 3.25 மில்லிமீட்டர் கம்பி. கடையில் 14 கேஜை மலிவு என்று காட்டுவார்கள்; எண் கூடக் கூடக் கம்பி மெலியும், ஏமாறாதீர்கள். டைமண்ட் வலை வேண்டாம். அதில் ஒரு கம்பி அறுந்தால் பின்னல் வரிசையாகப் பிரியும்; வெல்ட் மெஷ்ஷில் ஒரு கண் போனால் அந்தக் கண்ணோடு நிற்கும். மெஷ்ஷைத் தூணின் வெளிப்பக்கம் வைத்துப் பட்டை போட்டு போல்ட் அடியுங்கள். உள்பக்கம் கட்டுக்கம்பியால் கட்டினால், வெளியிலிருந்து தள்ளும்போது முதலில் விடுவது அந்தக் கட்டுக்கம்பிதான்.

கூரையில் ஷீட்டுக்கு அடியில் இதே மெஷ் ஓட வேண்டும், பக்க மெஷ்மேல் ஓரடி மடங்கி வருகிற மாதிரி. வெறும் ஆஸ்பெஸ்டாஸ் 50, 60 கிலோ எடை குதித்தால் உடையும். கதவு 3 அடி அகலம், ஆங்கிள் சட்டம், 16 கேஜ் தகரம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து தள்ளத் தள்ளச் சட்டத்தோடு இறுகும். மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள். கதவுக்கு அடியில் 2 அங்குலத்துக்குமேல் இடைவெளி விட்டால் சிறுத்தை கையை நுழைத்து ஆட்டின் காலைப் பிடித்து இழுக்கும்.

பட்டியைச் சுற்றி 30 அடிக்கு உண்ணிச்செடி இருக்கக் கூடாது. நாயைக் காவலுக்கென்று வெளியில் கட்டாதீர்கள், சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. அதுவே அழைத்து வரும். எப்போதும் எரியும் பல்புக்குச் சிறுத்தை பழகிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சென்சார் விளக்கைப் போட்டு, அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

பந்தலூர் காப்பி

பட்டி யோசனை அருமை. ஆனால் பன்றிக்கு என்ன பதில்? எட்டு ஏக்கர் சோளத்துக்கு மெஷ் கூரை போட முடியாது.

2025 ஜனவரி அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் கிராமக் குழு பரிந்துரைத்த பிறகு வனத்துறை ஆட்கள் மட்டும். காட்டோரத்தில் அதிகம் இழப்பவனுக்கு இதில் ஒன்றுமே இல்லை. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவரே கவுரவ வனஉயிரினக் காப்பாளர். அவர் உத்தரவிட, லைசன்ஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் சுடுகிறார்.

துப்பாக்கி உரிமை கேட்டால் உடனே வேட்டைக்காரன் என்று முத்திரை குத்துகிறார்கள். சுருக்கு, அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்த கரண்டு: மூன்றும் எது வந்தாலும் கொல்லும். எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட முடிவது துப்பாக்கியால் மட்டும்தான். லைசன்ஸ் துப்பாக்கிக்கு எண் உண்டு, பெயர் உண்டு, தோட்டாக் கணக்கு உண்டு. அதை நேர்மையாகக் கேட்பவனுக்கு மறுத்தால் அவன் பன்றியை மன்னித்துவிடப் போவதில்லை; பைக் கிளட்ச் கம்பி வாங்கி வருவான். இருக்கிற லைசன்ஸ் துப்பாக்கியையும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அந்த வாரங்களில் பயிர் போகும்.

கானகப்பணி

பந்தலூர் அண்ணா சொன்னதில் சுருக்கைப் பற்றிய பகுதியை முழுதாக ஏற்கிறேன். கிளட்ச் கம்பியில் போடும் பன்றிச் சுருக்கில் சிறுத்தை நுழைந்தால் பெரும்பாலும் தலையும் முன்னங்காலும் கடந்து இடுப்பில் இறுகும். துள்ளத் துள்ளக் கம்பி வயிற்றை அறுக்கும். வெளியே சின்னக் காயமாகத் தெரியும், உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருக்கும். மயக்க ஊசி போட்டு விடுவித்தபின் கூண்டிலேயே சாவது அதனால்தான். சிக்கிய சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் சேர விடாதீர்கள். வேலிக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு பாயும் பலம் அதற்கு உண்டு.

ஆனால் ‘பார்த்துச் சுடலாம்’ என்பது பகலுக்குப் பொருந்தும். பன்றி வருவது இரவில். இரண்டாள் உயரச் சோளத்துக்குள் அசைவைப் பார்த்து எஸ்ஜி குண்டு (ஒரே தோட்டாவில் பல ஈய உருண்டை) போட்டால் 40 மீட்டருக்கு அப்பால் அது சிதறும். எதிரே பன்றியா, கரடியா, காவலுக்குப் படுத்த பக்கத்துத் தோட்டக்காரரா என்று டார்ச் வெளிச்சத்தில் உறுதியாகத் தெரியாது. எஸ்பிஎம்எல்லில் மறுபடி மருந்து கெட்டிக்க அரை நிமிடமாவது வேண்டும். காயம்பட்ட விலங்கை முடிக்க வழி கிடையாது. குண்டு பட்டுத் தப்பிய பெரும்பூனைதான் (புலி, சிறுத்தை) ஊருக்கே ஆபத்து. 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியில் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு; பழைய துப்பாக்கிச் சூட்டில் அதன் கோரைப்பல் உடைந்திருந்தது, இயல்பான இரையைப் பிடிக்க முடியவில்லை.

கேரள முறையில் பாடம் உண்டு. அங்கே சிக்கல் உத்தரவில் இல்லை; கையில் துப்பாக்கியோடு கூப்பிட்ட இரவில் வரக்கூடிய ஆட்கள் போதாமல்தான் பல ஊராட்சிகளில் வேலை நின்றது. அதனால் உரிமம் கேட்பதைவிட, குறிபார்க்கத் தெரிந்தவர்கள் பட்டியலை ஒன்றிய வாரியாக வனத்துறை வைத்திருக்க வேண்டும், 1 முதல் 3 கிலோமீட்டர் பகுதியிலும் அவர்களை அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை விலங்கு. நிற்கும் பயிருக்குச் சேதம் என்ற காரணத்துக்கே பிரிவு 11(1)(ஆ) அனுமதி தர இடம் கொடுக்கிறது.

வேட்டை மரபு பற்றி ஒரு வார்த்தை. மரபு என்பது கட்டுப்பாடும் சேர்ந்தது. 1879-லேயே நீலகிரிக்கு வேட்டைச் சட்டம் வந்து, வேட்டை விலங்குகளுக்கு மூடிய பருவம் (வேட்டை கூடாத மாதங்கள்) வைத்தார்கள். அதே ஆட்சியில் புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தலைக்கு இவ்வளவு என்று பரிசு. பன்றிக்குட்டியையும் மானையும் தின்று பயிரைக் காத்தவற்றைத்தான் காசு கொடுத்துக் கொன்றார்கள். இன்று தமிழ்நாட்டில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 1,070 சிறுத்தை, 306 புலி. 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே விஷம் வைத்த மாட்டிறைச்சியைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மாட்டைப் புலி அடித்த கோபம்தான் காரணம். இழப்பீடு தாமதமாகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கோபத்தை வளர்க்கிறது, இதை வனத்துறை உணர்ந்தே ஆக வேண்டும்.

ராகிக்காடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். ஊரே கூண்டு வை என்று கேட்கிறது. நாங்களே செய்து வைக்கலாமா? ஆடு போனால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

கானகப்பணி

நீங்களே வைக்கக் கூடாது. சட்டத்தில் ‘வேட்டை’ என்பதில் பிடிப்பதும் பொறி வைப்பதும் அடக்கம். 2024 ஜனவரியில் பந்தலூரில் குழந்தையையும் பெண்ணையும் கொன்ற சிறுத்தையைப் பிடித்தது போன்ற நிலைமைக்குக் கூண்டு வேண்டும். ஆடு மட்டும் போன இடத்தில் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் சாட்சி: 2001-ல் பெருமளவில் பிடித்து இடம் மாற்றத் தொடங்கிய பிறகு, ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்மேல் தாக்குதல் 17 ஆனது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தையும் வரும்.

ஆடு போனால்: உடலை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள். கழுத்தில் பல் பட்ட இடம், இழுத்துச் சென்ற தடம், கால்தடம் மூன்றையும், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கால்தடத்தை ஒரு சட்டியால் மூடி வையுங்கள், மழையோ ஆட்டுக்காலோ அழித்துவிடும். வனச்சரக அலுவலகத்துக்குப் போனில் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்துத் தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். அரசுக் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இழப்பீட்டு மனு நகராது. உடல் அழுகத் தொடங்குவதற்குள் அவரை வரவழைக்க வேண்டும். நாய் கடித்ததா சிறுத்தையா என்ற தகராறில்தான் பல மனுக்கள் நிற்கின்றன. நாய் பின்தொடையையும் வயிற்றையும் கிழிக்கும், கடி பல இடத்தில் இருக்கும். சிறுத்தை தொண்டையில் ஒரே பிடி. தோலை உரித்துப் பார்த்தால் ஆழமான நான்கு துளையும் உள்ளே ரத்தக் கட்டும் தெரியும். அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.