எஸ்சிடலோபிராம் ஆரம்பிச்சதும் வயிறு கெடுது: மாத்திரையை விட்டுட்டு நீராகாரம் போதுமா?

குடமுருட்டிக்கரை:
அம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 8 வருஷமா ஓடுது. மனச்சோர்வுக்கு தஞ்சாவூர்ல டாக்டர் எஸ்சிடலோபிராம் 5 மி.கி. எழுதினார். அஞ்சு நாளா குமட்டல், மூணு தடவை இளக்கமா போகுது. "குடல் சரியானா மனசு தானா சரியாயிடும், மாத்திரையை நிறுத்திட்டு நீராகாரம் குடு"ங்கிறாங்க சொந்தக்காரங்க. சரியா?

வெண்ணாறு:
நிறுத்தாதீங்க தம்பி. இந்த மாத்திரை செரோடோனின்ங்கிற ரசாயனம் மூலமா வேலை செய்யுது. உடம்புல இருக்கிற செரோடோனின்ல சுமார் 90% குடல்லதான் இருக்கு. மாத்திரை அங்கயும் வேலை செய்யுது, அதான் இந்தக் குமட்டலும் இளக்கமும். பெரும்பாலும் 1–2 வாரத்துல அடங்கிடும். மனசுக்குப் பலன் தெரிய 2–6 வாரம் ஆகும். தொந்தரவு முதல்ல வருது, பலன் பின்னாடி வருது. இடைப்பட்ட நாள்லதான் நிறைய பேர் விட்டுடறாங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒண்ணை 1 லிட்டர் ஆறவைச்ச தண்ணியில கரைச்சு, ஒவ்வொரு தடவை போனதும் ஒரு டம்ளர். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடறாங்களான்னு பாருங்க. அதுவும் எஸ்சிடலோபிராமும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு அபாயம் கூடும். மலம் தார் மாதிரி கறுப்பா போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அசிடிட்டிக்கு ஒமேபிரசோல் எடுத்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரத்தத்துல எஸ்சிடலோபிராமோட அளவை அது ஏத்திவிடும்.

மெட்ஃபார்மின் ரொம்ப நாள் எடுத்தா பி12 வைட்டமின் குறையலாம். 8 வருஷம்னா ரத்தத்துல பி12 பார்த்தே ஆகணும். அது குறைஞ்சாலே சோர்வு, மறதி, மனச்சோர்வு எல்லாம் வரலாம். தைராய்டும் சேர்த்துப் பாருங்க.

அரசலாறு:
சொந்தக்காரங்க சொல்றதுல பாதி உண்மை. குடலும் மூளையும், ரெண்டையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாவும், நோய் எதிர்ப்பு அமைப்பு வழியாவும் பேசிக்குது. ஆனா குடல் செரோடோனின் ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போகாது. "செரோடோனின் ஏத்தும் உணவு"ன்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க. ஆஸ்திரேலியாவுல 67 பேரை வச்சு 12 வாரம் நடந்த, 2017-ல வெளியான ஸ்மைல்ஸ் ஆய்வுல, சாப்பாட்டைத் திருத்தினவங்கள்ல 32% பேருக்கு மனச்சோர்வு அடங்குச்சு. பேச்சுத்துணை மட்டும் கிடைச்சவங்கள்ல 8%. சின்ன ஆய்வு. அதுலயும் முக்காவாசிப் பேர் சிகிச்சையை விடாமத்தான் சாப்பாட்டை மாத்தினாங்க.

பழையசோறு இளக்கம் நின்ன பிறகு போதும். சோத்தைப் பரத்தி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள மண்சட்டியில போட்டு, சோத்துக்கு மேல ரெண்டு விரல் நிக்கிற மாதிரி நல்ல தண்ணி ஊத்தி, துணி மூடி 8–10 மணி நேரம். சித்திரை வெயில்ல 8 தாண்ட விடாதீங்க. கொழகொழன்னு இழுத்தா, வாடை மாறினா கொட்டிடுங்க. தண்ணி ஊத்தாம சூட்டோட மூடி வச்ச சோறுதான் பெரிய வம்பு: அரிசியில இருக்கிற பேசில்லஸ் கிருமி வேகவச்சும் சாகாது, அது விடற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சர்க்கரை இருக்கிறதால ஒரு கரண்டி சோறு, மோர் நிறைய.

சம்பா அறுவடை முடிஞ்சு நம்ம வயல்ல வர்ற உளுந்து, பச்சைப்பயறு குடல் கிருமிகளுக்கு நல்ல தீனி. இரவே ஊறவச்சு, 25 கிராம்ல ஆரம்பிச்சு வாரம் வாரம் கூட்டுங்க. ஒரேயடியா போட்டா வயிறு உப்பிடும்.

குடமுருட்டிக்கரை:
நன்றி அண்ணா. மெடிக்கல்ல விக்கிற புரோபயாடிக் (குடலுக்கு நல்ல கிருமி) கேப்சூல் கொடுக்கலாமா?

வெட்டாறு:
மனச்சோர்வுக்கு மாத்திரையோட சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, முடிவு கலவையா இருக்கு. காசைப் பி12 டெஸ்டுக்கு வையுங்க.

மனச்சோர்வுல உயிரை விட்டுடலாம்ங்கிற எண்ணம் வரலாம், அதனால கொல்லையில பூச்சிமருந்து டப்பா இருந்தா இன்னைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்க. "இருந்து என்ன பிரயோஜனம்"னு பேச்சு வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம்: ஆளைத் தனியா விடாம டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.