மலையேறினா மைனஸ் 40: சென்சாரா, யூனிட்டா, ஒயரா?

குமுளி_ஏலக்கடை:
லோயர் கேம்ப்லேர்ந்து குமுளி ஏறும்போது என் ஹைப்ரிட்ல எச்சரிக்கை விளக்கு எரியுது. பிளக்-இன் வண்டி, பேட்டரிக்குத் தனியா கூலன்ட் ஓடும். பேட்டரி கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போச்சுன்னு சர்வீஸ்ல மாத்தினாங்க. 20 நாள்ல அதே எரர் கோடு (கோளாறு எண்). இப்ப சென்சாரைப் படிக்கிற கம்ப்யூட்டர், அதான் கன்ட்ரோல் யூனிட், அதையே மாத்தணுமாம். ஸ்கேனர் வச்சு ஓட்டிப் பார்த்தேன், வளைவுல திடீர்னு மைனஸ் 40 காட்டுது. மார்கழியிலகூட நம்ம ஊரு அவ்வளவு குளிராதே!

தேனி_டூல்பாக்ஸ்:
யூனிட்டுக்குக் காசு கொடுத்துராதீங்க அண்ணே. அது ரெண்டு ஒயர் தெர்மிஸ்டர். சூடேறினா ரெசிஸ்டன்ஸ் இறங்கும், குளிர்ந்தா ஏறும். லைன் விட்டுப்போச்சுன்னா யூனிட்டுக்கு முழு 5 வோல்ட் தெரியும், அதைக் கடுங்குளிர்னு எடுத்துக்கும். நல்ல வண்டியில சென்சார் பிளக்கைக் கழற்றினாலும் இதே மாதிரிதான் காட்டும். கழற்றிட்டு, ஒயர் பக்கம் ரெண்டு பின்னையும் சேர்த்துப் பாருங்க. ரீடிங் உச்சிக்குப் போனா யூனிட் நல்லா இருக்கு.

பீர்மேடு_ஒர்க்‌ஷாப்:
18 வருஷமா இதே தொழில். சென்சார் மாத்தியும் அதே கோடு வந்தா யூனிட்தான். ஹைப்ரிட்ல கண்ட ஒயரை ஷார்ட் பண்ணச் சொல்லி ஆளைக் கொன்னுடாதீங்க.

தேனி_டூல்பாக்ஸ்:
ஆரஞ்சு ஒயரைத் தொடச் சொன்னேனா சார்? அதுல நூத்துக்கணக்கான வோல்ட், பழகினவங்க வேலை. சென்சார் லைன்ல சில மில்லிஆம்ப்கூட தேறாது. பயமா இருந்தா பின்னை நேரா சேர்க்காம, அந்த ரெண்டுக்கும் நடுவுல சென்சாருக்குப் பதிலா 2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ணு செருகுங்க. ரீடிங் ஒரே இடத்துல நிக்கணும். அப்புறம் ஒயர்க் கட்டை அங்கங்க ஆட்டுங்க. குதிச்சா கோளாறு ஒயர்லதான்.

பீர்மேடு_ஒர்க்‌ஷாப்:
இதைப் படிச்சிட்டு ரெசிஸ்டரோடவே ஓட்டுறவன் ஒருத்தன் வருவான். பேட்டரி கொதிச்சாலும் வண்டிக்குத் தெரியாது.

தேனி_டூல்பாக்ஸ்:
அது நூத்துக்கு நூறு சரி. சோதிச்ச கையோட கழற்றிடணும்.

பீர்மேடு_ஒர்க்‌ஷாப்:
கூலன்ட்ல காத்து இருந்தாலும் ரீடிங் தப்பா வருமே?

தேனி_டூல்பாக்ஸ்:
வரும், ஆனா அலையும். ஒரே பாய்ச்சலா மைனஸ் 40க்குப் போகாது.

குமுளி_ஏலக்கடை:
மழை விட்டதும் பார்த்துட்டேன். ரெசிஸ்டர் செருகினா ரீடிங் அசையாம நிக்குது. வீல் பக்கத்துக் கிளிப்புகிட்ட ஒயரை இழுத்தா மைனஸ் 40, விட்டா பழையபடி. டேப்பைப் பிரிச்சா எலி கடிச்ச தடம். செம்பு பச்சை பிடிச்சு ஒரு இழைதான் மிச்சம். ஏலக்காய் ஸ்டோர் ஓரமா நிறுத்துறதோட பலன். ரெசிஸ்டரைக் கழற்றியாச்சு. பழைய சென்சாரையும் வெந்நீர்ல முக்கி மீட்டர் வச்சேன், ஓம் சீரா இறங்குது. அது நல்ல சென்சார்!

பீர்மேடு_ஒர்க்‌ஷாப்:
எலிக்கு யார் என்ன பண்ண? சும்மா டேப் சுத்தி விட்டுராதீங்க, ஈயம் பத்தவச்சு ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்க. இந்த ஊர் ஈரத்துக்கு அதுதான் நிக்கும்.

குமுளி_ஏலக்கடை:
போட்டுடறேன். நல்ல சென்சாரை மாத்தினதுக்குக் கட்டின காசு?

பீர்மேடு_ஒர்க்‌ஷாப்:
பில் வச்சிருக்கீங்களா?