காலெலும்பில் தாடை வைத்த வீடுகள்: நடந்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தம் மகள்:
நைனாவுக்குக் கீழ்த்தாடையில் புற்றுநோய். புகையிலை அடக்கிவைத்த அதே பக்கம். வேலூரில் ஆபரேஷன், தாடையை எடுத்துவிட்டுக் காலெலும்பைத் தோலோடு வைத்தார்கள், பதினோரு மணி நேரம். எனக்கு மறக்காதது மூன்றாம் நாள். தொண்டையில் ஓட்டை போட்டிருந்ததால் பேச்சில்லை. பையனுடைய சிலேட்டைக் கொடுத்திருந்தோம். நர்ஸ் வந்து, வாய்க்குள் ஒட்டிய கால் தோலை ஊசியால் குத்தி ரத்தம் சிவப்பாக வருகிறதா என்று பார்த்தார். கறுத்து வந்தால் ரத்தக்குழாய் அடைப்பு, மறுபடி தியேட்டர். அவர் போனதும் நைனா எழுதினார்: "எவ்ளோ ஆச்சு?"

"காப்பீட்டுல போயிடுச்சு நைனா" என்றேன். எச்சில் துடைக்கிற துணியால் அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினார், கேள்விக்குறியை மட்டும் பெரிதாகப் போட்டு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவியது நிஜம். ஆனால் ஆறு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க லாட்ஜ் வாடகை, மூக்குக் குழாயில் ஊற்றும் பவுடர், வீட்டுக்காரர் வேலைக்குப் போகாத நாட்கள்? கழனியைப் போக்கியத்துக்கு விட்டோம். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆம்பூர் தம்பி:
அக்கா, எங்கள் அண்ணனுக்குக் கன்னம். சர்க்கரை, காலில் ரத்த ஓட்டமும் சரியில்லை. அதனால் நெஞ்சுச் சதையையே திருப்பி வைத்தார்கள். ரத்தக்குழாயை அறுத்து ஒட்டுகிற வேலை இல்லை, நேரமும் செலவும் குறைவு. ஒரு மாதத்தில் கன்னத்துக்குள் நெஞ்சு முடி முளைத்தது. கஞ்சி குடித்தால் நாக்கில் படும். செல்போன் டார்ச்சை வாயில் அடித்துக் கத்தரியால் நான்தான் வெட்டினேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார், ஓரத்தில் தண்ணீர். கரண்ட் வைத்தபிறகு முடி நின்றது.

ராணிப்பேட்டையிலிருந்து:
தம்பி, செலவு குறைவு என்று படித்துவிட்டு யாராவது அதையே கேட்டு நிற்கப்போகிறார்கள். முன்பக்கத் தாடை எலும்பு போனவருக்கு எலும்பு வைக்காவிட்டால் கீழுதடு நிற்காது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். எங்கள் அம்மாவுக்கும் காலெலும்புதான். இன்று வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. வலிக்கிறது என்றார், வாய் திறக்கும் பயிற்சியை விட்டுவிட்டோம். என் தப்பு. எல்லோரும் கேளுங்கள்: கரண்ட் வைக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தைப் பல்லை எடுத்துவிடுங்கள், பிறகு பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். வாய் திறக்கும் பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, டாக்டர் சொன்னபடி தினமும் பல தடவை. பழகப் பழக ஒரு குச்சி கூட்டுங்கள். கஞ்சியை மிக்ஸியில் அடித்தாலும் வடிகட்டித்தான் குழாயில் ஊற்ற வேண்டும், கேழ்வரகுத் தோல் அடைத்துக்கொள்ளும். கழுத்து நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குத் தோள் தூக்காமல் போகலாம், அதற்கும் பயிற்சி கேளுங்கள். புகையிலையை வீட்டில் மற்றவர்களும் விடுங்கள்.

ஆம்பூர் தம்பி:
நான் மலிவானதைக் கேட்டு வாங்கவில்லை அண்ணா. அவர் காலுக்கு அதுதான் முடியும் என்றார்கள்.

குடியாத்தம் மகள்:
குச்சி விஷயத்துக்கு நன்றி அண்ணா. நைனாவுக்கு நேற்று பதினொன்று போனது. எலும்பு எடுத்த காலை மெல்ல இழுத்து வாசல் வரை வருகிறார், கழனி வரை இன்னும் தெம்பில்லை. "மல்லாட்டை போட்டாச்சா?" என்று கேட்டார். 'ம' சரியாக வரவில்லை, ஆனால் புரிந்தது. போட்டாச்சு என்றேன். போட்டவர் போக்கியத்துக்கு எடுத்தவர்.