புதுப்பிப்பு: குமுளி வீட்டு டிஷ் சரியாகிவிட்டது

மழை தொடங்கினாலே குமுளியில் அம்மா வீட்டு ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனின் இலவச டிஷ் டிவி சேவை) படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று ஜூனில் எழுதியிருந்தேன். பலரும் பெரிய டிஷ் வாங்கச் சொன்னீர்கள். அது தேவைப்படவில்லை.

செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்குச் சிக்னல் வரும் கேயூ அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும். கனமழையில் படம் போவது இயல்புதான். ஆனால் மழை விட்டதும் சீக்கிரமே திரும்பிவிட வேண்டும். எங்களுக்கோ மறுநாள் வெயில் காய்ந்த பிறகுதான் வந்தது. அதுதான் துப்பு. எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி, அதில் வயர் சேரும் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது! முனையை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பை இறுக்கமாகச் சுற்றினேன். வயரில் தொங்கலாக ஒரு வளைவும் விட்டிருக்கிறேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அப்புறம் திசையையும் பார்த்தேன். ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. குமுளியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே கிட்டத்தட்ட 68 பாகை உயரம். பலாக்கிளை மறைக்கவில்லை.

சில சேனல்கள் வராததற்குக் காரணம் வேறு. அவை எம்பெக்-4 என்ற புதிய வீடியோ வடிவத்தில் வருகின்றன, எங்கள் பழைய செட்டாப் பெட்டி பழைய எம்பெக்-2 வடிவத்தை மட்டுமே படிக்கும். பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

நேற்று இரவெல்லாம் மழை. நடுவில் கொஞ்ச நேரம் படம் போனது, மழை குறைந்ததும் தானாக வந்துவிட்டது.