காது டெஸ்ட் எடுத்த அறையில் ஃபேன் ஓடியது

அம்மாவுக்குக் காது மந்தம் என்று எங்கள் ஊர் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, சீட்டு போடும் பெண் உள்ளே அழைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். தலைக்கு மேல் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்ட். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்றார். எந்தச் சத்தத்துக்குத் தூக்குவது என்று தெரியாமல் அம்மா, பாவம், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் ரிப்போர்ட்: இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும்.

மனசு ஒப்பவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே டாக்டர் முதலில் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக அடைத்திருந்தது! சக்‌ஷனில் எடுத்துவிட்டு, 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் ஆடியோமெட்ரிக்கு, அதாவது ஹெட்போன் மாட்டி எடுக்கும் காது டெஸ்ட்டுக்கு, எழுதினார். அம்மாவை உட்கார வைக்க நானும் அந்த டெஸ்ட் எடுக்கும் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தியதும் என் மூச்சே எனக்குக் கேட்டது.

காது டெஸ்ட் எடுக்கப் படித்தவரான ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு காதாக, கனத்த சத்தமான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சுச் சத்தமான 8000 வரை, எலும்பு வழியாகவும் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். "எலும்பு வழி டெஸ்ட்டே எடுக்கலையே. 250, 500 எப்படி இறங்கியிருக்கு பாருங்க. அழுக்கு ஒரு பக்கம், ஃபேன், வண்டிச் சத்தமும் இதைத்தான் முதல்ல அமுக்கும்" என்றார். இப்போது 4000-க்கு மேல்தான் குறைவு, வயசுக்கு வருவது, மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்தது, 2018-இல் விதிகளும் வந்தன. காது டெஸ்ட் எடுக்க நாலு வருஷப் படிப்பே இருக்கிறது, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். அந்த இடத்தில் சீட்டு போடும் பெண்ணை உட்கார வைத்தால் எவ்வளவு விலை உயர்ந்த டெஸ்ட் மெஷினும் தப்பாகத்தான் சொல்லும். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. உட்கார வைத்தவர்கள் மேல்தான்.

பதில்:

நான் இ.என்.டி. ஓ.பி.யில் ஸ்டாஃப் நர்ஸ். மூக்கு, தொண்டைக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளுக்குப் பார்த்ததும் ஸ்கோப்பைக் கழுவி, கிருமி கொல்லும் மருந்தான 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 நிமிஷம் ஊறப்போட்டு, ஸ்டெரைல் தண்ணீரில் அலச வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஸ்கோப். வெளியே நாற்பது பேர். ஐந்தாவது நிமிஷமே எடுக்கச் சொல்வார்கள். நான் எடுக்க மாட்டேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டாவது ஸ்கோப் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்த பிறகுதான் வாங்கினார்கள். உங்கள் கிளினிக்கில் நர்ஸ் தாமதம் செய்தால் கோபப்படாதீர்கள். டிரேயில் ஸ்கோப் ஊறிக்கொண்டிருக்கும்.